மார்கழிப் புயலும் மண்மேடான நகரமும்: புதுச்சேரி 1761, லாஸ்பேட்டைக்கு முன்னும் பின்னும்

புதுச்சேரியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் 1761 ஜனவரி 16ஆம் தேதியைத் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். பிரெஞ்சுத் தளபதி லாலி ஆங்கிலேயரிடம் கோட்டையை ஒப்படைத்த நாள் அது. அதற்கு இரண்டு வாரம் முன்பு, 1760 டிசம்பர் 31 இரவு தொடங்கி மறுநாள் விடியும்வரை இந்தக் கரையைப் புரட்டிப்போட்ட புயலுக்குக் கிடைக்கும் இடமோ ஒரு பத்தி. அந்தப் பத்தியும் பெரும்பாலும் மூழ்கிய ஆங்கிலக் கப்பல்களின் பட்டியலாகவே இருக்கும். அந்த இரவைக் கரையிலிருந்தும் கோட்டைக்குள்ளிருந்தும் படித்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். புயல் நகரத்துக்குச் சில நாள்கள் கடலைத் திறந்துவிட்டது. அந்த வழியாக ஒரு மூட்டை அரிசியைக்கூடக் கொண்டுவர முடியாத நிலைக்கு நகரம் அதற்கு முன்பே வந்திருந்தது. பிறகு நகரத்தைத் தரைமட்டமாக்கியவர்கள் மனிதர்கள். இன்று லாஸ்பேட்டை என்று நாம் அழைக்கும் ஊரின் பெயர் அந்த இடிபாடுகளுக்கு அடுத்த கட்டத்தைச் சேர்ந்தது.

1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் லாலி தோற்றார். அதன்பின் பிரெஞ்சுக்காரர்களின் கோட்டைகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. செப்டம்பரில் ஆங்கிலத் தளபதி ஐர் கூட்டின் படை புதுச்சேரியைச் சுற்றியிருந்த முள்வேலி அரணை எட்டிப்பிடித்தது. உழவர்கரையும் அரியாங்குப்பமும் போயின. நகரம் முழுக்க முழுக்கக் கடலை நம்ப வேண்டியதாயிற்று. ஆனால் மொரீசியசிலிருந்து வரவேண்டிய, பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி தாஷேயின் கப்பற்படை வரவேயில்லை. 1760இன் தொடக்கத்தில் அத்தீவைத் தாக்கிய ஒரு சூறாவளி அந்தக் கப்பல்களைச் சேதப்படுத்தியிருந்தது. புதுச்சேரியின் விதியில் புயல் முதன்முதலாகக் கை வைத்தது அங்கேதான், பல ஆயிரம் கல் தொலைவில். இதை நம் உள்ளூர் வரலாறுகள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம்.

நவம்பர் 27 அன்று லாலி, உணவை மிச்சப்படுத்துவதற்காக, சுமார் 1400 உள்ளூர் மக்களைக் கோட்டைக்கு வெளியே துரத்தினார். ஆங்கிலப் படையும் அவர்களைத் தன் வரிசையைத் தாண்டிப் போகவிடவில்லை. கோட்டை மதிலுக்கும் முள்வேலிக்கும் இடையில் ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் எட்டு நாள் அலைந்தார்கள். வயல்களில் கிடைத்த வேரையும் கிழங்கையும் தோண்டித் தின்றார்கள். மதிலை நெருங்கினால் அங்கிருந்து சூடு, வேலியை நெருங்கினால் இங்கிருந்து விரட்டு. கடைசியில் கூட் வழிவிட்டார். முற்றுகையின் கதையில் லாலியின் பிடிவாதத்தையும் கூட்டின் திறமையையும் எடைபோடுகிறவர்கள் இந்த எட்டு நாளையும் அதே தராசில் வைக்க வேண்டும்.

சோழமண்டலக் கரையில் அன்று துறைமுகம் என்று ஒன்று கிடையாது. புதுச்சேரி, சென்னை, கடலூர் எல்லாம் திறந்த கடல்தான். கப்பல்கள் கரைக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும். சரக்கையும் ஆளையும் குப்பத்து மக்களின் சலங்கு என்னும் படகுகளும் கட்டுமரங்களும் அலை தாண்டி ஏற்றி இறக்கும். வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கியதும் பெரிய கப்பல்கள் இந்தக் கரையைவிட்டு விலகிவிடுவது வழக்கம். சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே 1746 அக்டோபரில் அந்த வழக்கத்தை மீறி நின்றதால், ஒரே இரவுப் புயலில் கப்பல்களையும் நூற்றுக்கணக்கான ஆள்களையும் இழந்தார். 1749 ஏப்ரலில் கடலூரை ஒட்டிய கடலில் ஆங்கிலேயரின் 'நாமூர்' என்ற போர்க்கப்பல் 500க்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது. இவை எல்லாம் ஆங்கிலக் கப்பற்படையின் அட்மிரல் ஸ்டீவன்ஸுக்குத் தெரியாதவை அல்ல. அக்டோபர் இறுதியில் அவரும் ஐந்து கப்பல்களை மட்டும் காவலுக்கு விட்டுவிட்டுத் திரிகோணமலைக்குப் போய்விட்டார். டிசம்பர் 25 அன்று திரும்பிவந்தார். ஆபத்தான பருவம் முடிந்துவிட்டது என்ற கணக்குதான்.

'கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை' என்பது நம் ஊர்ப் பழமொழி. ஸ்டீவன்ஸின் கணக்கும் ஏறக்குறைய அதுவே. புயல் வந்ததோ மார்கழி பாதி கடந்த பிறகு.

அந்த இரவைப் பற்றி நமக்குக் கிடைக்கும் விரிவான எழுத்து ராபர்ட் ஓர்ம் என்ற ஆங்கில வரலாற்றாசிரியருடையது. அஞ்சுதெங்கில் பிறந்து கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றியவர். அவர் சொல்லும் காற்றின் வரிசை மிக முக்கியமானது. மாலையில் வடமேற்கிலிருந்து காற்று வலுத்தது. இரவு முதிர முதிரச் சீற்றம் கூடியது. நள்ளிரவையொட்டி வடகிழக்குக்குத் திரும்பியது. பிறகு திடீரென்று அடங்கி, எங்கும் அடர்ந்த மூட்டம். சில நிமிடங்களில் தென்கிழக்கிலிருந்து முன்னைவிடப் பெரும் வேகத்தோடு அடித்தது.

புயல் ஒரு மையத்தைச் சுற்றிச் சுழலும் காற்று என்பதைக் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் மாலுமிகளுக்கு விளக்கி எழுதியது 1848இல். அந்த அறிவோடு ஓர்மின் வரிசையைப் படித்தால் புயலின் பாதையையே ஓரளவு வரைந்துவிடலாம். நமது வட கோளத்தில் புயற்காற்று இடஞ்சுழியாகச் சுழல்கிறது. மேற்கு நோக்கி வரும் புயலின் முன்பக்கம் நம்மேல் இருக்கும்போது காற்று வடக்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ வரும். மையம் கடந்தபின் தெற்கும் தென்கிழக்கும் வீசும். நடுவில் வந்த அமைதி, புயலின் கண் அல்லது அதன் விளிம்பு. அமைதிக்கு முன் காற்று வடகிழக்காகத் திரும்பியதை வைத்துப் பார்த்தால், மையம் புதுச்சேரிக்குச் சற்றுத் தெற்கே, மிக நெருக்கமாகக் கரையேறியிருக்க வேண்டும் என்று முடிவு செய்யலாம்.

கப்பல்களின் கதியும் இந்த வரிசையால்தான் தீர்மானமாயிற்று. வடமேற்குக் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசுவது. அது அடிக்கும்போதே வடத்தை அறுத்துக்கொண்டு ஆழ்கடலுக்கு ஓடிய கப்பல் பிழைக்கும். ஸ்டீவன்ஸ் தமது 'நார்போக்' கப்பலின் வடத்தை வெட்டிவிட்டு வெளியேறினார். மற்றவர்களும் அப்படியே செய்ய வேண்டும் என்று பீரங்கி முழக்கி அறிவித்தார். காற்றின் இரைச்சலில் அந்த முழக்கம் யார் காதிலும் விழவில்லை. தென்கிழக்குக் காற்று வந்தபோது நின்ற கப்பல்களுக்குப் பின்னால் கரை, முன்னால் புயல். 'டியூக் தக்கித்தேன்', 'சண்டர்லாந்து', சரக்குக் கப்பலான 'டியூக்' மூன்றும் மூழ்கின. அவற்றில் இருந்த ஐரோப்பியர் சுமார் 1100 பேர் இறந்தனர். உடைந்த மரத்துண்டுகளைப் பற்றிக்கொண்டு மிதந்த 14 பேர் மறுநாள் மீட்கப்பட்டார்கள். ஏழு பேர் ஐரோப்பியர், ஏழு பேர் லஸ்கர்கள் என்கிற இந்தியக் கப்பலாள்கள். 'நியூகாசில்', 'குயீன்பரோ', 'புரொடெக்டர்' மூன்றும் நகரத்துக்குத் தெற்கே கரையில் மோதி உடைந்தன. அவற்றில் இருந்தவர்களில் ஏறத்தாழ எல்லோரும் தப்பினர். வேறு சில கப்பல்கள் பாய்மரம் முறிந்து நின்றன.

மூழ்கிய கப்பல்களிலிருந்து ஏழு லஸ்கர்கள் உயிரோடு வந்தார்கள் என்றால், அவற்றில் லஸ்கர்கள் பலர் இருந்தார்கள் என்றுதானே பொருள்? 1100 என்ற எண் ஐரோப்பியரை மட்டுமே எண்ணியது. கரையிலும் இதே கதைதான். கடல் கரையை உடைத்துக்கொண்டு முள்வேலி வரைக்கும் உள்ளே ஏறியது என்கிறார் ஓர்ம். கடலை ஒட்டியிருந்த குப்பங்களைத் தாண்டாமல் அந்தத் தண்ணீர் வேலிக்குப் போயிருக்க முடியாது. முகாமை நம்பிப் பிழைத்த உள்ளூர்க் கூலியாள்கள் பலர் அந்த இரவின் மழையிலும் குளிரிலும் மாண்டதை அவர் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறார். தொகை இல்லை, பெயர் இல்லை, ஊர் இல்லை. கப்பல்களின் பெயரோ ஒவ்வொன்றாக இருக்கிறது. 1761 புயலைக் கடற்படை விபத்து என்று வகைப்படுத்தும் வழக்கம் இந்தக் கணக்கெடுப்பிலிருந்தே பிறந்தது. அதை இன்னமும் அப்படியே ஏற்பது சரியல்ல.

விடிந்தபோது ஆங்கில முகாமில் ஒரு கூடாரம் நிற்கவில்லை. பல வாரம் உழைத்துக் கட்டிய பீரங்கி மேடைகள் கரைந்து கிடந்தன. வெடிமருந்து நனைந்துவிட்டது, சிப்பாய்கள் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடியிருந்தார்கள். கோட்டைக்குள்ளிருந்து சில நூறு பேர் அன்று புறப்பட்டிருந்தால் எதிர்க்க ஆள் இல்லை என்பது ஓர்மின் கருத்து. பிற்கால எழுத்தாளர்கள் பலர் இதைப் பிடித்துக்கொண்டு, லாலி கைவிட்ட வாய்ப்பு என்று எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மாதக்கணக்கில் அரைவயிறு, கால்வயிறு உண்ட படை, இடுப்பளவு நீர் தேங்கிய நிலத்தைத் தாண்டிப் போய்ப் போரிட்டிருக்கும் என்று எதிர்பார்ப்பது வரைபடத்தில் விரல் வைத்துச் சண்டை போடுகிறவர்களின் கணக்கு.

லாலிக்கு எது தேவை என்பது லாலிக்கே தெரிந்திருந்தது. ஜனவரி 2 அன்று, பழவேற்காட்டில் இருந்த பிரெஞ்சு முகவருக்கு அவர் கடிதம் அனுப்பினார். ஆங்கிலக் கப்பற்படை ஒழிந்தது, பன்னிரண்டில் ஏழு போயின, ஒரு நொடியும் தாமதிக்காமல் சலங்கு சலங்காக அரிசி ஏற்றி அனுப்பு என்பது அதன் சாரம். எண்ணிக்கை மிகை. கடிதமும் போய்ச்சேரவில்லை, வழியில் ஆங்கிலேயர் கையில் சிக்கியது. இன்னொரு பக்கம், தப்பித் திரும்பிய ஸ்டீவன்ஸ், டச்சுக்காரரின் நாகப்பட்டினத்துக்கும் டேனியரின் தரங்கம்பாடிக்கும் உடனே எழுதினார்: முற்றுகை தொடர்கிறது, புதுச்சேரிக்கு உணவு கொண்டுபோகும் படகுகள் பிடிபடும். ஒரு வாரத்துக்குள் பதினொரு கப்பல்கள் மீண்டும் புதுச்சேரிக்கு எதிரே நின்றன. திறந்த கடல் மூடிக்கொண்டது.

ஜனவரி 12 அன்று ஆனந்தரங்கப் பிள்ளை காலமானார். 1736 முதல் நகரத்தின் நடப்புகளை நாட்குறிப்பாக எழுதிவைத்தவர் கண்மூடியது, நகரம் விழுவதற்கு நான்கு நாள் முன்பு. 15ஆம் தேதி லாலியின் தூதர்கள் கூட்டிடம் போனார்கள். 16ஆம் தேதி காலை வில்லியனூர் வாசல் வழியாக ஆங்கிலேயர் உள்ளே வந்தபோது கிடங்கில் இரண்டு நாளைக்கு மேல் உணவு இல்லை.

அடுத்து நடந்தது, எந்தப் புயலாலும் செய்ய முடியாத வேலை. சென்னை ஆளுநர் ஜார்ஜ் பிகட், புதுச்சேரியைக் கம்பெனியிடம் ஒப்படைக்காவிட்டால் படைக்குச் சம்பளப் பணம் தரமுடியாது என்று நின்று, நகரத்தை வாங்கிக்கொண்டார். 1758இல் லாலி கடலூர் தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்ததற்குப் பதிலடியாக இடிப்பு தொடங்கியது. மதில், அகழி, ஆளுநர் மாளிகை, தேவாலயங்கள், குடியிருப்பு என்று மாதக்கணக்கில் முறைவைத்து இடித்தார்கள். பாரிசில் லாலியின்மேல் வழக்கு நடந்து, 1766 மே 9 அன்று அவர் தலை வெட்டப்பட்டது. அந்தத் தண்டனையை எதிர்த்து வோல்டேர் இறுதிவரை எழுதினார்.

1763 பாரிஸ் உடன்படிக்கைப்படி புதுச்சேரி பிரான்சுக்குத் திரும்பியது. 1765 ஏப்ரலில் அதைப் பெற்றுக்கொள்ள வந்தவர் ழான் லா தெ லோரிஸ்தோன். நகரம் பட்டினியில் வாடிய காலத்தில் இவர் வங்காளத்திலும் பீகாரிலும் முகலாய அரசர் ஷா ஆலமோடு சேர்ந்து போரிட்டுக்கொண்டிருந்தார். ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டது 1761 ஜனவரி 15, லாலியின் தூதர்கள் கூட்டிடம் போன அதே நாள். வந்து இறங்கிய இடத்தில் அவருக்குக் கிடைத்தது மண்மேடும் செங்கல் குவியலும். ஆனால் தரையின் அடியில் பழைய தெருக்களின் கோடு அழியவில்லை. பதினேழாம் நூற்றாண்டு இறுதியில் டச்சுக்காரர் வகுத்த நேர்கோட்டுத் தெருக்களின் மேலேயே நகரம் மறுபடி எழுந்தது. இன்று சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் பிரெஞ்சுத் தெருக்களில் 1761க்கு முந்தைய கட்டடத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அங்கே பழமை என்பது தெருவின் அமைப்பில்தான் இருக்கிறது.

லா 1777 வரை ஆளுநராக இருந்தார். அவர் மகன், பின்னாளில் பிரான்சின் மார்ஷலாக உயர்ந்த ழாக் லா, 1768இல் புதுச்சேரியிலேயே பிறந்தவர். லாஸ்பேட்டை என்ற பெயர் ஆளுநர் லாவிடமிருந்து வந்தது. கோட்டை நகரத்துக்கு வடமேற்கே உள்ள இந்தச் செம்மண் மேடு கடலேற்றத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. இன்று விமான நிலையம் இருப்பதும் இங்கேதான்.

1761இல் எழுதப்படாதவர்கள் எழுத்துக்குள் வந்த ஒரு பெரிய புயலைத் தேடினால் நாம் வந்து நிற்பதும் லாஸ்பேட்டையின் ஓரம். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதி அடிக்கடி போய் அமர்ந்த தோப்பு கருவடிக்குப்பத்துப் பக்கம் இருந்தது. 'புயற்காற்று' என்ற அவருடைய பாடலின் தலைப்பின் கீழ் நாள் குறிக்கப்பட்டிருக்கிறது: நள ஆண்டு, கார்த்திகை 8, புதன்கிழமை இரவு. கணக்கிட்டுப் பார்த்தால் 1916 நவம்பர் 22, கிழமையும் பொருந்துகிறது. பாடலில் பேசுவோர் ஒரு கணவனும் மனைவியும். அட்மிரலும் இல்லை, தளபதியும் இல்லை. புயல் ஒரு வீட்டுக்குள்ளிருந்து, அதிலும் ஒரு பெண்ணின் அச்சத்திலிருந்து பார்க்கப்படுகிறது. 'பிழைத்த தென்னந்தோப்பு' என்று இன்னொரு பாடலும் எழுதினார். வரலாற்று ஆவணம் என்ற முறையில் இவ்விரண்டையும் ஓர்மின் பக்கங்களுக்கு இணையாக வைக்கத் தயங்க வேண்டியதில்லை. முதல் பாடலில் நாளும் கிழமையும் துல்லியமாக உள்ளன.

2011 டிசம்பர் 30 காலை, 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் கரையேறியது. நாள்காட்டியில் 1760 டிசம்பர் 31 புயலுக்கு ஒரு நாள் முன். கரையேறிய இடமும் நான் மேலே கணித்த பாதைக்கு மிக அருகில். மார்கழியில் இந்தக் கரைக்குப் புயல் வராது என்று சொல்ல இனி யாருக்கும் இடமில்லை. 2024 நவம்பர் 30 இரவு வந்த 'ஃபெஞ்சல்' புயல், காற்றைவிட மழையால் தாக்கியது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியதில் கிருஷ்ணா நகரில் இராணுவம் படகோடு இறங்கி மக்களை மீட்டது. கடலேற்றத்துக்கு எட்டாத லாஸ்பேட்டை மேட்டை ஒட்டிய பகுதிகளிலேயே மழைநீர் ஆளுயரம் நெருங்கி நின்றது. மேட்டிலிருந்து கடலுக்கு இறங்கும் வாய்க்கால்களின் மேல் எந்தெந்த ஆண்டுகளில் எந்தெந்த மனைப்பிரிவுகள் எழுந்தன என்பதைப் பதிவுத்துறை ஆவணங்களோடும் பழைய பிரெஞ்சு நில அளவை வரைபடங்களோடும் ஒப்பிட்டு ஆராய்வது இந்த வரலாற்றின் அடுத்த பகுதி.