லேப்டாப்பில் தண்ணீர் கொட்டிடுச்சா? அரிசி டப்பாவைத் தேடும் முன் இதைப் படிங்க

காஜாங்கைச் சுற்றி மாணவர் கூட்டம் அதிகம். யுனிடென் இங்கேயே இருக்கு. பாங்கியில் யுகேஎம், செமினியில் நாட்டிங்ஹாம். ஆளுக்கொரு லேப்டாப் அல்லது டேப்லெட், பக்கத்திலேயே ஒரு கிளாஸ் தே தாரேக் அல்லது ஐஸ் மைலோ. அந்த கிளாஸ் கவிழ ஒரு விநாடி போதும்.

கவிழ்ந்த பிறகு பெரும்பாலானவர்கள் செய்வது என்ன? துடைக்கிறாங்க, காய வைக்கிறாங்க, அப்புறம் "ஆன் ஆகுதா?" என்று பவர் பட்டனை அழுத்திப் பார்க்கிறாங்க. கருவி நிரந்தரமாகக் கெட்டுப்போவது பல நேரங்களில் அந்தக் கடைசி அழுத்தலில்தான்.

லேப்டாப்பைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று, ஈரம் இருக்கும்போது உள்ளே ஓடும் மின்சாரம். இன்னொன்று, ஈரம் காய்ந்த பிறகு உள்ளே தங்கிவிடும் கசடு. முதலாவதை நிறுத்துவது உங்க கையில் இருக்கு. இரண்டாவதை நீக்குவது ரிப்பேர் கடையின் வேலை.

முதல் 5 நிமிடத்தில் என்ன செய்யணும்?

1. சார்ஜர் செருகியிருந்தால் முதலில் சுவரில் உள்ள சுவிட்சை அணைங்க. ஈரக் கையோடு பிளக்கைத் தொடாதீங்க.

2. பவர் பட்டனைத் தொடர்ந்து 10 விநாடி அழுத்திப் பிடிங்க. கோப்பை சேவ் செய்யணும், முறையாக ஷட் டவுன் பண்ணணும் என்று காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு விநாடியும் முக்கியம்.

3. மவுஸ், பென் டிரைவ், கேபிள் எல்லாவற்றையும் கழற்றுங்க. பேட்டரியைக் கையால் கழற்றக்கூடிய பழைய மாடல் என்றால் அதையும் எடுத்துடுங்க.

4. லேப்டாப்பை முடிந்த அளவு விரித்து, விசைப்பலகை கீழ்நோக்கி இருக்கும்படி கூடாரம் மாதிரி கவிழ்த்து வைங்க. அடியில் ஒரு துண்டு போடுங்க. குலுக்காதீங்க; குலுக்கினால் தண்ணீர் இன்னும் உள்ளே போகும்.

5. ஹேர் டிரையர் வேண்டாம், மதிய வெயிலில் வைப்பதும் வேண்டாம். சூடான காற்று ஈரத்தை இடுக்குகளுக்குள் தள்ளும். லித்தியம் பேட்டரிக்கும் சூடு ஆகாது.

6. என்ன கொட்டியது, எத்தனை மணிக்கு, அப்போது கருவி ஓடிக்கொண்டிருந்ததா என்று குறித்து வைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புங்க. அதுவரை சார்ஜ் போடாதீங்க, ஆன் பண்ணிப் பார்க்காதீங்க.

உள்ளே என்னதான் நடக்குது?

சுத்தமான நீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. ஆனால் குழாய்த் தண்ணீரில் கரைந்த உப்புகள் இருக்கு, தே தாரேக்கில் சர்க்கரையும் பாலும் இருக்கு. வெள்ள நீரில் சேறும் சாக்கடையும் கலந்திருக்கும்.

மதர்போர்டில் அருகருகே இருக்கும் இணைப்புகளில் வெவ்வேறு மின்னழுத்தம் ஓடுது. பிராசசருக்குப் போவது சுமார் 1 வோல்ட். சில மாடல்களில் திரையின் பின்னொளிக்குப் போவது 40 வோல்ட்டுக்கும் மேல். இந்த இரண்டு மாதிரியான இணைப்புகளை ஒரு துளி நீர் சேர்த்துவிட்டால், 1 வோல்ட் தாங்கும் சிப்புக்குள் பல மடங்கு மின்னழுத்தம் பாயும். அதுதான் ஷார்ட் சர்க்யூட். கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

அடுத்தது மெதுவாக நடக்கும். பள்ளியில் படித்த மின்பகுப்பு நினைவிருக்கா? உப்பு நீரில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு முனையில் உலோகம் கரையும். அதேதான் இங்கேயும். கருவியை அணைத்தாலும் பேட்டரி இணைப்பில் இருக்கும்வரை போர்டின் சில பகுதிகளுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். செப்புப் பாதைகள் கரைந்து, பச்சையும் வெள்ளையுமாகப் படிவு வளரும். "அணைச்சுட்டோம்ல, நாளைக்குப் போகலாம்" என்று விடக்கூடாது என்பது இதனால்தான்.

அரிசி ஏன் உதவாது?

அரிசி சுற்றியுள்ள காற்றில் இருந்து கொஞ்சம் ஈரத்தை இழுக்கலாம். சிப்புக்கு அடியில் மாட்டிய தண்ணீரை இழுக்காது; சர்க்கரையையும் உப்பையும் எடுக்கவே எடுக்காது. அரிசித் தூள் போர்ட்டுகளுக்குள் நுழைவது கூடுதல் தொல்லை. ஈரமான ஐபோனை அரிசிப் பையில் வைக்க வேண்டாம், சிறு துகள்கள் கருவியைச் சேதப்படுத்தலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-இல் தன் உதவிப் பக்கத்தில் எழுதியது.

அப்படியானால் "என் நண்பனுக்கு வேலை செஞ்சுதே" என்பது? மூன்று நாள் அரிசியில் இருந்தபோது கருவி தானாகவே காய்ந்திருக்கும். கசடு உள்ளேயே இருக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கின் காற்றில் எப்போதும் ஈரப்பதம் அதிகம். அந்தக் கசடு மறுபடியும் ஈரத்தை இழுத்து அரிப்பைத் தொடரும். இரண்டு வாரமோ இரண்டு மாதமோ கழித்து, காரணமே இல்லாத மாதிரி லேப்டாப் செத்துப்போகும். ஆகவே, காய்ந்து ஆன் ஆன கருவியையும் ஒருமுறை திறந்து பார்த்துச் சுத்தம் செய்வதுதான் பாதுகாப்பு.

நல்ல கடையில் என்ன செய்வாங்க?

முதல் வேலை, பின் மூடியைத் திறந்து பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அடுத்து மதர்போர்டை முழுசாக வெளியே எடுத்து, சிப்புகளை மூடியிருக்கும் உலோகக் கவசங்களை நீக்கி, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பாங்க. எங்கே படிவு, எங்கே கருகல் என்று அப்போதுதான் தெரியும். பல லேப்டாப்களிலும் டேப்லெட்களிலும் நீர் பட்டால் வெள்ளையில் இருந்து சிவப்பாக மாறும் சிறிய ஸ்டிக்கர் இருக்கும். "தண்ணீர் படவே இல்லை" என்று பொய் சொல்வதில் பயனில்லை. தேடும் நேரம் வீணாகி, செலவுதான் கூடும்.

பிறகு சுத்தம் செய்வது. போர்டை அல்ட்ராசோனிக் தொட்டியில் வைப்பாங்க. காதுக்குக் கேட்காத, வழக்கமாக 40 கிலோஹெர்ட்ஸ் அளவிலான ஒலி அதிர்வு, திரவத்தில் நுண்ணிய குமிழிகளை உருவாக்கி உடைக்கும். பிரஷ் நுழையாத சிப்பின் அடிப்பகுதிக் கசட்டை அவை கிளப்பிவிடும். அப்புறம் உப்பில்லாத நீரில் அலசி, 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, மிதமான சூட்டில் உலர்த்துவாங்க. திரை, பேட்டரி, ஸ்பீக்கர், விசிறி இவையெல்லாம் அந்தத் தொட்டிக்குள் போகாது. அவற்றைத் தனியாகச் சோதிப்பாங்க.

"தண்ணீரில் கெட்டதை மறுபடியும் தண்ணீரில் போடறாங்களே!" என்று பயப்பட வேண்டாம். பேட்டரி இல்லாத, மின்சாரம் ஓடாத போர்டுக்கு நீரால் உடனடி ஆபத்து இல்லை.

சுத்தம் முடிந்ததும் பழுதைத் தேடும் வேலை. மல்டிமீட்டரால் ஒவ்வொரு மின்பாதையையும் அளந்து ஷார்ட் இருக்கான்னு பார்ப்பாங்க. அளவுக்குட்பட்ட மின்சாரம் கொடுத்து, தெர்மல் கேமராவில் எந்தப் பாகம் சூடாகுது என்று கண்டுபிடிப்பாங்க. பல நேரங்களில் குற்றவாளி அரிசியைவிடச் சின்ன ஒரு கெப்பாசிட்டராகத்தான் இருக்கும். அதை மட்டும் மாற்றினால் போதும். போர்டு முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. கீபோர்டு மட்டும் தனிக் கதை. இனிப்புப் பானம் புகுந்த கீபோர்டைச் சுத்தம் செய்வதைவிட மாற்றுவதே பெரும்பாலும் சரி.

டேப்லெட் ஏன் கூடுதல் கஷ்டம்?

லேப்டாப்பைத் திறக்க ஸ்க்ரூ டிரைவர் போதும். டேப்லெட்டின் திரை பெரும்பாலும் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். சூடுபடுத்தி, மெல்லிய தகட்டால் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பிரிக்கணும். அதில் கண்ணாடி உடையும் வாய்ப்பும் உண்டு. பேட்டரியும் ஒட்டப்பட்டிருக்கும். திரை அடுக்குகளுக்குள் புகுந்த நீர் கறையாகவே நின்றுவிடும்.

சாம்சங் டேப் எஸ்9 வரிசைக்கு ஐபி68 தரம் உண்டே என்று கேட்கலாம். அது நன்னீரில், குறிப்பிட்ட ஆழத்தில், குறிப்பிட்ட நேரம் செய்யும் சோதனை. கடல் நீருக்கும் நீச்சல் குளத்துக்கும் அது உத்தரவாதம் இல்லை. ஐபேட்களுக்கு அப்படி ஒரு தரக் குறியீடே கிடையாது.

உங்களுக்கு வேண்டியது கருவியா, உள்ளே இருக்கும் கோப்பா?

கடைக்குள் நுழையும் முன் இந்தக் கேள்விக்கு நீங்க பதில் சொல்லணும். அடுத்த வாரம் ஆய்வேடு சமர்ப்பிக்கணும் என்றால் உங்களுக்கு வேண்டியது கோப்பு. அதைக் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லுங்க. வேலையின் வரிசையே மாறும்.

விண்டோஸ் லேப்டாப்கள் பலவற்றில் எஸ்எஸ்டியைத் தனியாகக் கழற்றலாம். போர்டு செத்திருந்தாலும் எஸ்எஸ்டி பிழைத்திருந்தால் வேறு கணினியில் போட்டுக் கோப்பை எடுக்கலாம். ஆனால் பிட்லாக்கர் இயங்கினால் 48 இலக்க மீட்புக் குறியீடு கேட்கும். பெரும்பாலும் அது உங்க மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். இப்போதே ஒருமுறை போய்ப் பார்த்து வைங்க.

புதிய மேக்புக்குகளிலும் டேப்லெட்களிலும் சேமிப்பகம் போர்டோடு சேர்ந்தது, மறையாக்கமும் செய்யப்பட்டது. கோப்பு வேண்டுமானால் அதே போர்டுக்கு உயிர் கொடுத்தாகணும். "போர்டை மாத்திடலாம், ஈசி" என்று ஒருவர் சொன்னால், உங்க கோப்புகளும் பழைய போர்டோடு போய்விடும் என்று அர்த்தம்.

வெள்ளத்தில் மூழ்கினால்?

2021 டிசம்பர் 18 பெய்த மழையில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவும் உலு லங்காட்டும் மூழ்கியதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த ஆண்டு வெள்ளங்களால் நாட்டுக்கு ஏற்பட்ட மொத்த இழப்பு 6.1 பில்லியன் ரிங்கிட் என்று மலேசியப் புள்ளியியல் துறை கணக்கிட்டது. காஜாங்கின் ஊடே ஓடுவதும் அதே லங்காட் ஆறுதான். நகரின் தாழ்வான சாலைகளுக்கு திடீர் வெள்ளம் புதிதில்லை.

வீட்டில் தண்ணீர் ஏறினால் உயிர்தான் முதலில். நீரில் நின்றபடி எந்த சுவிட்சையும் தொடாதீங்க. நீர் வடிந்த பிறகு கிடைக்கும் லேப்டாப்பை ஆன் பண்ணாமல் அப்படியே கடைக்குக் கொண்டுபோங்க. அணைந்த நிலையில் மூழ்கிய கருவி, ஓடும்போது தே தாரேக் கொட்டிய கருவியைவிடப் பிழைக்கும் வாய்ப்பு அதிகமாகவும் இருக்கலாம். பேட்டரி உப்பியிருந்தாலோ சூடாக இருந்தாலோ வீட்டுக்குள் வைக்காதீங்க. எரியக்கூடிய பொருள்கள் இல்லாத வெளி இடத்தில் வைங்க.

குடும்பப் படங்கள் உள்ள பழைய ஹார்ட் டிஸ்க் மூழ்கியிருந்தால் ஒரு வேறுபாடு உண்டு: அதைக் காய வைக்க வேண்டாம். சேறு தகட்டின் மேல் காய்ந்து ஒட்டினால் மீட்பது கடினம். ஈரமாகவே பையில் போட்டு மூடி, தரவு மீட்பு நிபுணரிடம் கொடுங்க.

கடையில் என்ன கேட்கணும்?

காஜாங்கில் இருந்து எம்ஆர்டி ஏறினால் புக்கிட் பிந்தாங் வரை ஒரே ரயில். அங்கிருந்து லோ யாட் நடக்கும் தூரம். பக்கத்துத் தெருக் கடையோ லோ யாட் கடையோ, இவற்றைக் கேளுங்க:

• போர்டு அளவில் ரிப்பேர் செய்வீங்களா, போர்டை மாற்ற மட்டும்தானா?
• சோதனைக் கட்டணம் எவ்வளவு? சரியாகவில்லை என்றால் கட்டணம் உண்டா?
• திறந்ததும் உள்ளே எடுத்த படங்களை அனுப்புவீங்களா?
• என் கோப்புகளை அழிக்காமல் செய்ய முடியுமா?
• விலையையும் வாரண்டியையும் எழுதித் தருவீங்களா?

பாஸ்வேர்டு உண்மையிலேயே தேவைப்பட்டால் மட்டும் கொடுங்க, வேலை முடிந்ததும் மாற்றிடுங்க. தயாரிப்பாளரின் சாதாரண வாரண்டியில் திரவச் சேதம் பொதுவாக அடங்காது. ஆனால் வாங்கும்போது விபத்துப் பாதுகாப்புத் திட்டம் எடுத்திருந்தால், வெளிக் கடையில் திறக்கும் முன் அதைச் சரிபார்க்கணும். பல்கலைக்கழகமோ பள்ளியோ இரவல் கொடுத்த கருவி என்றால் முதலில் அவர்களிடம் சொல்லுங்க.

ரிப்பேர் செலவு, அதே தரத்தில் கிடைக்கும் கருவியின் விலையில் பாதியைத் தாண்டினால் யோசிக்கணும். ஒருமுறை நனைந்த போர்டு, நன்றாகச் சரி செய்த பிறகும், புதுசு மாதிரி நீண்ட நாள் உழைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

காசு வாங்கிக்கொண்டு வேலையை அரைகுறையாகச் செய்தால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கு. மலாயில் 'திரிபுனல் துந்துத்தான் பெங்குனா'. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலேயே பதியலாம். அதற்கு ரசீதும் எழுத்து மூலமான விலையும் வேணும்; வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காதீங்க.

மழைக்கு முன் ஒரு வேலை

மேற்குக் கரையில் மாலை இடிமழையும் திடீர் வெள்ளமும் அதிகம் வருவது ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் பருவமாற்றக் காலங்களில். அதற்கு முன் முக்கியமான கோப்புகளை கிளவுட்டில் ஒரு பிரதி, வெளி டிரைவில் ஒரு பிரதி என்று வைங்க. டிரைவை லேப்டாப் பையிலேயே வைக்காதீங்க, இரண்டும் சேர்ந்தே நனையும். கனமழை அறிவிப்பு வந்த இரவில் சார்ஜரைத் தரையில் விடாமல், லேப்டாப்போடு அலமாரி மேல் ஏற்றிவிட்டுத் தூங்குங்க.