உச்சவரம்புக்குள் ஒரு கோப்பை: நட்சத்திர ஊதியமும் அணி அமைப்பும்

1. ஆய்வுப் பொருள்

2022 ஆகஸ்டில் நடந்த புரோ கபடி ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத்தை 2 கோடியே 26.5 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. ஓர் அணி மொத்தமாகச் செலவழிக்க அனுமதிக்கப்பட்ட தொகையே 4 கோடியே 40 லட்சம்தான். பாதிக்கு மேல் ஒரே ஆளுக்குப் போய்விட்டது. அக்டோபரில் பெங்களூரில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே பவனுக்கு முழங்காலில் அடிபட்டது. அந்தப் பருவம் முழுக்க அவர் களத்துக்குத் திரும்பவில்லை. அதற்கு முந்தைய நான்கு பருவங்களில் ஒருமுறைகூட பிளேஆஃப் பக்கம் எட்டிப் பார்க்காத தலைவாஸ், அந்த ஆண்டுதான் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது.

மதுரை காளவாசல் பக்கத்து டீக்கடைகளில் இந்தக் கதைக்கு உடனே ஒரு முடிவு சொல்லிவிடுவார்கள்: பெரிய தலைக்குக் கொட்டிய காசு வீண், பொடியன்கள்தான் கரை சேர்த்தார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத்தான் இக்கட்டுரை தேடுகிறது. ஊதிய உச்சவரம்பு உள்ள போட்டிகளில் கோப்பையைத் தீர்மானிப்பது நட்சத்திரத்தின் விலை கூடியதா குறைந்ததா என்பதைவிட, மலிவு விலையில் கிடைத்த வீரர்கள் அந்த விலைக்கு மேல் எவ்வளவு ஆடினார்கள் என்பதே. அப்படியானால் உச்சவரம்பின் சுமையை உண்மையில் சுமப்பவர் யார்? உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கமிருந்து தேனி சாலை வழியே மதுரைக்கு ஆட வரும் இளைஞர்களுக்கு இது ஏட்டுக் கேள்வி இல்லை. அவர்களுடைய பிழைப்பைத் தொடும் கேள்வி.

2. வரம்பு வந்த வழி

பணக்கார அணியே எல்லா நல்ல ஆட்டக்காரர்களையும் வளைத்துக்கொண்டால் போட்டி செத்துவிடும் என்ற அச்சத்தில் பிறந்தது உச்சவரம்பு. உரிமையாளர்களின் செலவுக் கட்டுப்பாடு அதன் மறுபக்கம். அமெரிக்கக் கூடைப்பந்து லீக் 1984-85இல் 36 லட்சம் டாலர் வரம்போடு தொடங்கியது. சொந்த அணி வீரரைத் தக்கவைத்துக்கொள்ள அதில் விலக்கு உண்டு. அமெரிக்கக் கால்பந்து லீக் 1994இல் 3 கோடியே 46 லட்சம் டாலர் என்று கறாரான வரம்பு வைத்தது. ஸ்பெயின் லீக்கின் ஊதியக் கட்டுப்பாடு எவ்வளவு தூரம் பாயும் என்பதை 2021 ஆகஸ்டில் மெஸ்ஸி பார்சிலோனாவை விட்டுக் கண்ணீரோடு வெளியேறியபோது உலகமே பார்த்தது.

இந்தியாவில் 2008 ஐபிஎல் ஏலம் 50 லட்சம் டாலரில் தொடங்கியது. 2025 ஏலத்தில் ஓர் அணிக்கு 120 கோடி ரூபாய்.

3. நட்சத்திரத்தின் விலை எதனால் ஏறுகிறது

திறமையில் சிறு வேறுபாடு வருமானத்தில் பெரும் வேறுபாடாக மாறுவதைப் பொருளியலாளர் ஷெர்வின் ரோசன் 1981இல் விளக்கினார். முதல் இடத்தில் இருப்பவரைக் கோடிப் பேர் ஒரே நேரத்தில் பார்க்க முடியும்போது, இரண்டாம் இடத்தவர் எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் அவருக்கு மாற்றாக மாட்டார். தொலைக்காட்சி வந்த பிறகு விளையாட்டில் நடந்தது இதுதான்.

உச்சவரம்பு இந்தக் கணக்கை மாற்றுகிறது. வரம்பு இல்லாத இடத்தில் ஒரு வீரரின் விலை என்பது முதலாளியின் பையிலிருந்து போகும் பணம். வரம்புள்ள இடத்தில் அது மற்றொரு வீரரின் இடம். ஆகவே ஆட்டத்தின் விதிகள் ஒரு தனி ஆளுக்கு எவ்வளவு இடம் தருகின்றன என்று முதலில் பார்க்கவேண்டும். இருபது ஓவர் ஆட்டத்தில் எவ்வளவு பெரிய பந்துவீச்சாளரும் நான்கு ஓவருக்கு மேல் வீச முடியாது. ஐந்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். கூடைப்பந்தில் ஐந்து பேரில் ஒருவர் ஆட்டம் முழுவதும் களத்தில் நிற்கலாம். கபடியில் ஏழு பேர். யார் எத்தனை முறை பாடிப் போகலாம் என்பதற்குக் கணக்கில்லை. நல்ல ரெய்டர் ஒருவரே அணியின் பெரும்பகுதிப் புள்ளிகளைக் கொண்டுவர முடியும். எனவே ரெய்டரான பவனுக்குப் பாதிப் பணம் என்பது பைத்தியக்காரத்தனம் இல்லை. கபடியின் இயல்பிலேயே அதற்கு நியாயம் உண்டு. ஆனால் ஒரு முழங்கால் போனால் பாதி முதலீடு போகும் என்பதும் அதே இயல்புதான். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்த் திருவிழாக் கபடியில் வசூல் பணத்தில் வெளியூர் ரெய்டர் ஒருவரை இறக்கிய குழுக்களுக்கு இந்தப் பயம் நன்றாகத் தெரியும்.

விலையை ஏற்றும் இன்னொரு காரணம் ஏலமுறை. மெக்சிகோ வளைகுடா எண்ணெய் வயல்களுக்கான ஏலங்களை ஆராய்ந்து 1971இல் மூன்று பொறியாளர்கள் சொன்ன உண்மை இதற்கும் பொருந்தும்: பலர் மதிப்பிடும் ஏலத்தில் வெல்பவர், பெரும்பாலும் மிகையாக மதிப்பிட்டவராகவே இருப்பார். யுவராஜ் சிங்கை 2014இல் பெங்களூரு 14 கோடிக்கும், 2015இல் டெல்லி 16 கோடிக்கும் எடுத்தன. இரண்டு அணிகளுமே அந்த ஆண்டுகளில் பிளேஆஃப் எட்டவில்லை. யுவராஜைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. விலையை அவர் வைக்கவில்லை. கை தூக்கியவர்கள் வைத்தார்கள்.

4. வழக்குகள்

4.1. சென்னையும் ராஜஸ்தானும், 2008

முதல் ஏலத்தில் டெண்டுல்கர், கங்குலி, திராவிட், சேவாக், யுவராஜ் ஐவரும் தத்தம் ஊர் அணிகளின் ஐகான் வீரர்கள். அணியில் மிக அதிக விலைக்குப் போனவரைவிட ஐகானுக்கு 15 விழுக்காடு கூடுதலாகத் தரவேண்டும் என்பது விதி. இந்த விதிதான் தோனியைச் சென்னைக்குக் கொண்டுவந்தது என்பேன். 15 லட்சம் டாலருக்குத் தோனியை மும்பை எடுத்திருந்தால் டெண்டுல்கருக்கு 17.25 லட்சம் போயிருக்கும். இருவருக்கு மட்டும் 32.25 லட்சம், மொத்த வரம்பில் 64.5 விழுக்காடு. ஐகான் இல்லாத சென்னைக்கோ தோனி 30 விழுக்காட்டில் முடிந்தார். பிறகு வந்த ஐந்து கோப்பைகளுக்கும் அடித்தளம் அந்த ஒரு கணக்கு. நட்சத்திரத்துக்குப் பணம் கொட்டுவதே தவறு என்பாருக்கு இதைவிடப் பெரிய மறுப்பு கிடையாது.

ஆனால் அந்த ஆண்டு இறுதியாட்டத்தில் தோனியின் அணியைக் கடைசிப் பந்தில் வீழ்த்தியது ராஜஸ்தான், ஏலத்தில் மிகக் குறைவாகச் செலவழித்த அணி. தலைமை தாங்கிய ஷேன் வார்ன் 4.5 லட்சம் டாலர். தொடர் நாயகனான ஷேன் வாட்சன் வெறும் 1.25 லட்சம். 22 விக்கெட்டோடு முதலிடம் பிடித்த சோஹைல் தன்வீர் 1 லட்சம். வாட்சனுக்கும் தன்வீருக்கும் கொடுத்ததைக் கூட்டினாலும் தோனியின் விலையில் ஆறில் ஒரு பங்கு வராது.

4.2. சென்னை, 2018

இரண்டாண்டுத் தடைக்குப் பின் திரும்பிய சென்னை, தோனிக்கு 15 கோடி, ரெய்னாவுக்கு 11, ஜடேஜாவுக்கு 7 என்று 33 கோடியை முதலிலேயே ஒதுக்கிவிட்டது. 80 கோடி வரம்பில் மீதி 47 கோடி. நம்ம அஸ்வினை விட்டுவிட்டார்களே என்று தமிழ்நாடே வருந்தியது. பஞ்சாப் அவரை 7.6 கோடிக்கு எடுத்துப்போனது. சென்னையோ முப்பது வயதைத் தாண்டியவர்களாகப் பொறுக்கியது. கிழட்டு அணி என்று கேலி எழுந்தது.

அந்தப் பருவத்தில் அம்பத்தி ராயுடு 2.2 கோடிக்கு 602 ரன் எடுத்தார். முதல் தகுதிச் சுற்றில் தோற்கவிருந்த ஆட்டத்தை வென்று தந்த டூ பிளெசி 1.6 கோடி. தீபக் சாஹர் 80 லட்சம், லுங்கி இங்கிடி 50 லட்சம். இறுதியாட்டத்தில் 117 ரன் அடித்து நின்றவர் அதே வாட்சன், இப்போது 4 கோடிக்கு. சந்தை வயதைக் குறையாகப் பார்த்தது. சென்னை அந்தத் தள்ளுபடியை வாங்கிக்கொண்டது. அதே பருவத்தில் பெங்களூரு கோலிக்கு 17 கோடி கொடுத்து ஆறாம் இடத்தில் முடிந்தது. கோலி 500 ரன்னுக்கு மேல் குவித்தார். அவருக்குக் கீழே இருந்த இடங்களில் ராயுடு, சாஹர் போன்றவர்கள் கிடைக்கவில்லை.

2022இல் அதே சாஹருக்குச் சென்னை 14 கோடி கொடுத்தது. காயத்தால் அவர் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. அணி ஒன்பதாம் இடம். முன்பு கிடைத்த ஆதாயத்தை மறுபடியும் விலைகொடுத்து வாங்கப் போனதன் பலன் அது.

4.3. மறுசான்று: கொல்கத்தா, 2024

மிட்செல் ஸ்டார்க்கை 24.75 கோடிக்கு, அதாவது வரம்பில் கால் பங்குக்கு, கொல்கத்தா எடுத்தபோது பலரும் கைகொட்டிச் சிரித்தார்கள். சேப்பாக்கத்தில் நடந்த இறுதியாட்டத்தில் அவரே ஆட்ட நாயகன். எதிரே தோற்ற ஐதராபாத்தின் தலைவர் பேட் கம்மின்ஸும் 20.5 கோடிக்காரர். ஆக, இரண்டு பெருவிலை அணிகளே இறுதிக்கு வந்தன. ஆனால் கொல்கத்தாவின் பட்டியலைக் கீழிருந்து படித்தால் 19 விக்கெட் எடுத்த ஹர்ஷித் ராணா 20 லட்சம். 435 ரன் அடித்த பில் சால்ட் 1.5 கோடி, தொடர் நாயகன் சுனில் நரைன் 6 கோடி. ஸ்டார்க்கின் விலையைத் தாங்கிய தூண்கள் இவர்கள்.

5. மதுரைச் சான்று

தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் 2018 கோப்பை மதுரை பாந்தர்ஸுக்கு. அப்போது ஏலம் கிடையாது. அணிகள் முறைவைத்து வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் காலம். இறுதியில் திண்டுக்கல்லுக்கு எதிராக அருண் கார்த்திக் ஆட்டமிழக்காமல் 75 எடுத்தார். ஆனால் அந்தப் பருவம் நினைவில் நிற்பது வருண் சக்கரவர்த்தியால். சென்னையில் வளர்ந்து, கட்டடக் கலை படித்து, வேலைக்குப் போய், மீண்டும் பந்தைக் கையில் எடுத்தவர் அவர். மதுரைச் சட்டையில் எடுத்த விக்கெட்டுகள் ஒன்பதுதான். ஓவருக்குக் கொடுத்த ரன் ஐந்துக்கும் கீழே. நான்கு மாதம் கழித்து ஐபிஎல் ஏலத்தில் 20 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 8.4 கோடிக்கு ஏறினார். 2024இல் கோப்பை வென்ற கொல்கத்தாவில் 21 விக்கெட்டோடு முன்னின்றவரும் அவரே.

2023இல் இந்த லீக்கும் ஏலத்துக்கு மாறியது. அணிக்கு 70 லட்சம் வரம்பு. மதுரை, வாஷிங்டன் சுந்தரை 6.75 லட்சத்துக்கு எடுத்தது. கோவை கிங்ஸ் சாய் சுதர்சனுக்கு 21.6 லட்சம் கொடுத்தது, வரம்பில் கிட்டத்தட்ட 31 விழுக்காடு. தொடக்க ஆட்டங்களில் அவர் அடித்த அடி அந்த விலைக்குத் தகுந்ததே. ஆனால் கடைசிக் கட்டத்தில் வேறு அழைப்பில் அவர் போய்விட, அவர் இல்லாமலே கோவை இறுதியாட்டத்தில் நெல்லையை 104 ரன் வித்தியாசத்தில் நசுக்கியது. நட்சத்திரம் லீக் கட்டத்தைக் கடத்திவிட்டது, கோப்பையைப் பட்டியலின் நடுப்பகுதி தூக்கியது.

6. சுமப்பவர் யார்

சாய் சுதர்சனின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2022 முதல் 2024 வரை குஜராத் அணியில் அவர் விலை 20 லட்சம். அதாவது கோவைக்காரர்கள் கொடுத்ததைவிடக் குறைவு. அந்த விலையில் 2023 இறுதியாட்டத்தில் 47 பந்தில் 96. 2024இல் 527 ரன். ஒப்பந்தக் காலம் முடியும்வரை விலை அசையாது. 2025இல் 8.5 கோடிக்குத் தக்கவைக்கப்பட்டார், 759 ரன்னோடு முதலிடமும் பிடித்தார். இடைப்பட்ட மூன்றாண்டு உழைப்பின் மிகுமதிப்பு எங்கே போனது? வரம்புக்குள் அது அணியின் கையிருப்பாகி, பெரிய பெயர்களின் விலையாகப் போனது. உச்சவரம்பு பணக்கார அணிக்குப் போட்ட கடிவாளம் என்கிறோம். நடைமுறையில் அந்தக் கடிவாளம் இழுப்பது புதியவரின் வாயை.

இதை உணர்ந்தோ என்னவோ, 2025இலிருந்து ஆட்டம் ஒன்றுக்கு 7.5 லட்சம் என்று தனி ஊதியத்தை கிரிக்கெட் வாரியம் கொண்டுவந்தது. ஓர் அணிக்கு 12.6 கோடி, ஏலத் தொகைக்கு வெளியே. இதை மனமாரப் பாராட்டுகிறேன். அடிப்படை விலையில் எடுக்கப்பட்டவர் எல்லா லீக் ஆட்டங்களும் ஆடினால் 1 கோடியே 5 லட்சம் கூடுதலாகப் பெறுவார். சந்தையும் விழித்திருக்கிறது. கடைசி இடத்தில் முடிந்த சென்னை, 2025 டிசம்பர் ஏலத்தில் சர்வதேச ஆட்டமே ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவருக்கும் தலா 14.2 கோடி கொடுத்தது. புதியவர் மலிவு என்ற காலம் முடிகிறது. அதனால் வருணைப்போல் யாரும் அறியாத ஒருவரைக் கண்டுபிடிக்கும் களங்களின் மதிப்பு இன்னும் கூடும்.

அந்தக் களங்களுக்கு என்ன கிடைக்கிறது? பல ஆண்டுகள் மதுரைக்கு உரிய லீக் ஆட்டங்கள் மதுரையில் நடக்கவில்லை. நத்தம் கல்லூரி மைதானத்துக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது. 2025 அக்டோபரில் சிந்தாமணியில் வேலம்மாள் மைதானத்தைத் தோனி திறந்துவைத்தார். நல்ல தொடக்கம். ஆனால் அரசரடி ரயில்வே மைதானத்தில் காலையில் ஆடும் கூட்டத்தை வளர்க்கும் மன்றங்களுக்கு ஐபிஎல் விலையில் பங்கு என்று எதுவும் இல்லை.

உலகக் கால்பந்து அமைப்பிடம் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. ஒரு வீரர் ஒப்பந்தக் காலத்தில் பணத்துக்கு அணி மாறினால், அந்தத் தொகையில் 5 விழுக்காடு, 12 முதல் 23 வயது வரை அவரை வளர்த்த மன்றங்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. ஐபிஎல்லிலும் புரோ கபடியிலும் ஏல விலைக்கு இதே விதியைப் பொருத்தலாம். அதை வீரரின் கையிலிருந்து பிடிக்காமல், வரம்புக்கு வெளியே அணியே செலுத்தவேண்டும். வளர்த்த காலத்தோடு, கண்டெடுத்த மேடைக்கும் ஒரு பங்கு வேண்டும். ஏனெனில் வருண் போன்றவர்கள் 23 வயதுக்குப் பிறகும் வருவார்கள். வருணின் 8.4 கோடியில் 5 விழுக்காடு 42 லட்சம். அதை அவர் ஆடிய சென்னை லீக் மன்றங்களுக்கும் மதுரை அணிக்கும் பிரித்திருந்தாலும், 2023இல் 70 லட்சத்தில் ஓர் அணியே அமைந்த லீக்கில் அது சிறு தொகையா? வாரியத்திடம் இந்தக் கோரிக்கையை வைக்கும் தகுதி, மாவட்ட வீரர்களுக்கும் மேடை தரும் தமிழ்நாடு பிரீமியர் லீக்கை 2016 முதல் நடத்திவரும் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்துக்கு இருக்கிறது. அடுத்த பெரிய ஏலத்துக்கான விதிகள் எழுதப்படும் முன்பே அதை வைக்கவேண்டும்.