இரண்டு கணினிகளும் ஒரு கம்பியும்

கம்பி வழியே செய்தி போகவில்லையென்றால் குறை எங்கே என்று தேடும் வேலைக்கு ஏறத்தாழ அந்தக் கம்பியின் வயதே உண்டு. 1858 ஆகஸ்டில் அட்லாண்டிக் கடலடியில் கிடத்திய முதல் தந்திவடத்தின் கதை பலரும் அறிந்ததே. விக்டோரியா அரசி அமெரிக்க அதிபர் புக்கானனுக்கு அனுப்பிய 98 சொற்கள் போய்ச்சேர 16 மணி நேரம் ஆயிற்று. செய்தி மங்க மங்க, மின்பொறுப்பாளரான வைட்ஹவுஸ் மின்னழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். ஏறத்தாழ 2000 வோல்ட் வரை போயிற்று என்பர். சில வாரங்களிலேயே வடம் ஊமையாகிவிட்டது. குறையை அளந்து கண்டறியாமல் பலத்தைக் கூட்டுவது மனித இயல்பு போலும். காது கேளாதவரிடம் நாம் கத்திப் பேசுவதில்லையா?

இந்தக் கதை எங்களுக்கு நினைவில் நின்றதற்கு ஒரு காரணம் உண்டு. 2005-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஏழடிக் கம்பி ஒன்றோடு மூன்று நாள் மல்லுக்கட்டினோம். வைட்ஹவுஸ் செய்த பிழையை நாங்களும் எங்கள் அளவில் செய்தோம்.

எங்கள் தந்தையார் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். ஓய்வுபெற்ற பின் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரச் சிற்றூரில் பழைய வீட்டில் இருந்தார். திருக்கழுக்குன்றத்திலும் சாளுவன்குப்பத்திலும் கல்வெட்டுகளைப் பார்த்துக் குறித்தவற்றையெல்லாம் ஒரு பழைய கணினியில் தாமே தட்டச்சு செய்து வைத்திருந்தார். விண்டோஸ் 98 ஓடிய கணினி அது. அவருக்குக் கண்பார்வை மங்கத் தொடங்கியிருந்த காலம். கையெழுத்துக் குறிப்பேடுகளில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மீதமிருந்தது அந்த வன்தட்டு ஒன்றுதான். அதுவும் 'டிக், டிக்' என்று ஒலிக்கத் தொடங்கிவிட்டது. நெகிழ்வட்டு இயக்கி உப்புக்காற்றில் முன்னமே போய்விட்டது. குறுவட்டு எழுதும் கருவி இல்லை. பென் டிரைவைச் செருகினால் 98 அதனை அடையாளம் காணாது. தனியே இயக்கி நிரல் வேண்டும். ஆகவே கணினியை வேட்டியில் சுற்றிப் பேருந்தில் செங்கல்பட்டுக்குக் கொண்டுவந்து, எங்களிடமிருந்த எக்ஸ்பி கணினியோடு கம்பியால் இணைத்துவிடுவது என்று முடிவாயிற்று.

ஈதர்நெட் என்னும் இந்த முறை 1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் தீட்டியது. ஹவாய்த் தீவுகளை வானொலியால் இணைத்த அலோகா வலையமைப்புதான் அதற்கு வித்து. கடைவீதியில் நாம் வாங்கும் முறுக்கிய செம்புக் கம்பி வடிவம் 1990-இல்தான் தரநிலை பெற்றது. அதன் உள்ளே எட்டு இழைகள். அன்றைய அட்டைகள் பயன்படுத்தியவை நான்கு மட்டுமே: 1, 2 அனுப்ப, 3, 6 வாங்க. கணினிக்கும் இணைப்புப் பெட்டிக்கும் இடையே என்றால் நேர்க்கம்பி போதும். கணினியும் கணினியும் நேருக்கு நேர் பேசுவதென்றால் ஒன்றின் வாய் மற்றதன் செவிக்குப் போகவேண்டும். ஆரஞ்சு இணையும் பச்சை இணையும் ஒரு முனையில் இடம் மாறவேண்டும். கடைக்காரர் கொடுத்தது நேர்க்கம்பி. இரண்டு வாய்களும் ஒன்றோடொன்று பேச, இரண்டு செவிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. (இன்றைய அட்டைகள் இதைத் தாமே சரிசெய்துகொள்கின்றன.)

அட்டையின் பின்னால் சிறு பச்சை விளக்கு எரியவில்லை என்பதே அதற்குச் சான்று. நாங்களோ அதைப் பார்க்காமல், திரையில் அமைப்புகளை மாற்றி மாற்றி ஒரு நாளைத் தொலைத்தோம். மறுநாள் குறுக்குக் கம்பி செய்து வாங்கினோம். அப்போதும் விளக்கு எரியவில்லை. அட்டையைக் கழற்றிப் பார்த்தால் பொன்முலாம் பூசிய பற்களில் பச்சை படிந்திருந்தது. பென்சில் அழிப்பானால் தேய்த்துத் திரும்பச் செருகினோம். விளக்கு எரிந்தது. கடற்கரையில் வாழ்ந்த கருவிகளுக்கெல்லாம் இந்த வைத்தியத்தை முதலில் பார்க்கலாம்.

அடுத்து முகவரி. ஒன்றுக்கு 192.168.0.1, மற்றதற்கு 192.168.0.2 என்று கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, இரண்டாவதில் 192.168.1.2 என்று இட்டிருக்கிறோம். 255.255.255.0 என்னும் மறைப்பு எண் இருக்கையில் அவை இரண்டும் வேறுவேறு தெருக்கள். திருத்திவிட்டுப் 'பிங்' செய்தோம். மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில், வலையமைப்புக் கோளாறு ஒன்றைக் கண்டறியவே எழுதிய நிரல் அது. நீர்மூழ்கிகள் ஒலியெழுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கும் முறையை மனத்தில் வைத்து அப்பெயரை இட்டார். எக்ஸ்பியிலிருந்து கூப்பிட்டால் 98 பதில் சொன்னது. 98 கூப்பிட்டால் எக்ஸ்பி வாய்திறக்கவில்லை. ஒரு திசையில் பதில் வருகிறதென்றால் கம்பியும் முகவரியும் சரி; குறை அதற்கு மேலே. 2004-இல் வந்த இரண்டாம் சேவைத் தொகுப்போடு எக்ஸ்பியின் தீச்சுவர் இயல்பாகவே விழித்திருந்து, தெரியாதவர் தட்டினால் பேசாதிருக்கும். அது தன் கடமையைத்தான் செய்தது. எங்களுக்குத் தேவை எக்ஸ்பியிலிருந்து 98-க்குள் போவதுதான் என்பதால் சுவரைத் தொடாமலே விட்டோம். 98-இல் கோப்புப் பகிர்வை இயக்கி, இரண்டிலும் பணிக்குழுப் பெயரை ஒன்றாக்கியதும் மூன்றாம் நாள் மாலை தந்தையாரின் கோப்புறை எங்கள் திரையில் தெரிந்தது. வன்தட்டு அடங்குவதற்குள் எல்லாம் வந்து சேர்ந்தன.

திறந்து பார்த்தால் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் இடையிடையே அரைப்புள்ளிகளும். தந்தையார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகே வந்தார், திரை தெளிவாகத் தெரியாததால், "வந்துடுச்சா?" என்று மட்டும் கேட்டார். என்ன சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

அவர் தட்டச்சியது பாமினி எழுத்துருவில். அங்கே புள்ளி என்பது அரைப்புள்ளி விசையின் இடத்தில் அமர்ந்திருக்கும். ஒருங்குறியில் தமிழ் 1991 முதலே இருந்தும், தமிழ்நாட்டரசு 1999-இல் டாம், டாப் என்னும் குறியீடுகளை அறிவித்தும், 2010-இல் அரசு ஒருங்குறிக்கு மாறும் வரை அவரவர்க்கு ஓர் எழுத்துரு என்பதே வழக்கம். எழுத்துருக் கோப்பையும் அதே கம்பியில் இழுத்துவந்து நிறுவினோம். அரைப்புள்ளிகள் மெய்யெழுத்துகளாயின.

நாங்கள் முதலில் வாசித்துக் காட்டியது திருக்கழுக்குன்றக் கல்வெட்டுக் குறிப்பு: கந்தசிஷ்யன் வழங்கி, வாதாபி கொண்ட நரசிம்மவர்மன் காத்த தானத்தை முதலாம் ஆதித்த சோழன் புதுப்பித்துக் கொடுத்த செய்தி. இரண்டோர் இடங்களில் தட்டச்சுப் பிழை என்று தந்தையார் திருத்தினார். சாளுவன்குப்பத்து அதிரணசண்டக் குடைவரைக் குறிப்புக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னார். அங்கே ஒரே வடமொழிப் பாடல்கள் ஒரு சுவரில் பல்லவ கிரந்தத்திலும் எதிர்ச்சுவரில் நாகரியிலும் வெட்டப்பட்டுள்ளன.

"அந்த ராஜாவுக்கும் இதே தொல்லைதான் போல" என்றார். பிறகு, "சரி, அடுத்ததைப் படி" என்றார்.