மன்னார்த் தீவு, கரையோரப் பாடசாலைகள்: மாணவரும் ஆளணியும்

மன்னார்த் தீவிலும் அதை அடுத்த பெருநிலக் கரையிலும் உள்ள அரச தமிழ்மொழிப் பாடசாலைகளை, குறிப்பாகத் தரம் 6 முதல் 9 வரையான கனிட்ட இடைநிலைப் பிரிவை, இக்கட்டுரை விவரிக்கிறது. நடுநிலைப் பள்ளி என்று தனியாக ஒன்று இலங்கையில் இல்லை. 1ஏபி, 1சி, வகை 2 பாடசாலைகளுக்குள் அடங்கும் ஒரு பிரிவுதான் அது. வகை 3 பாடசாலைகளில் சில தரம் 5 உடனும் சில தரம் 8 உடனும் நின்றுவிடும். மாவட்டத்தில் மன்னார், மடு என இரு கல்வி வலயங்கள் உள்ளன. தீவும் நானாட்டான், முசலிப் பகுதிகளும் முதலாவதைச் சேர்ந்தவை. மாந்தை மேற்குக் கரை இரண்டாவதைச் சேர்ந்தது.

மாணவர்

2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 1 இலட்சம். அதில் பாதிக்குச் சற்று மேல் கத்தோலிக்கர், கால்வாசி அளவு இந்துக்கள், ஆறில் ஒரு பங்கு முஸ்லிம்கள். தனித்தனிப் பாடசாலைகளின் இடாப்புகளில் இந்த விகிதத்தைத் தேடினால் கிடைக்காது. அங்கே ஊரின் முகமே தெரியும். பேசாலையிலும் வங்காலையிலும் கத்தோலிக்க மீனவக் குடும்பங்களின் பிள்ளைகள், எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் முஸ்லிம் பிள்ளைகள். நகரத்திலோ புனித சவேரியார் கல்லூரிகள், சித்திவிநாயகர் இந்துக் கல்லூரி, அல்-அஸ்ஹர் என மூன்று மரபுகளும் கிட்டக்கிட்ட நிற்கின்றன. உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசு பொறுப்பேற்றது. ஆனாலும் பெயர்ப்பலகைகளில் ‘றோ.க.த.க. பாடசாலை’ (றோமன் கத்தோலிக்கத் தமிழ்க் கலவன் பாடசாலை) என்ற பழைய எழுத்துகள் இன்றும் அழியவில்லை.

ஊரோடு ஒட்டிய இந்தச் சேர்வு தரம் 6 இல் முதன்முறையாக உடைகிறது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளை விடுகைப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு நகரத்துக்குப் போகிறது. வசதியுள்ள வீட்டார் யாழ்ப்பாணத்துக்கே அனுப்புவதும் உண்டு. கரையோரச் சிறு பாடசாலைகளின் பின்னைய பெறுபேறுகளை எடைபோடும்போது, கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலர் முன்பே போய்விட்டார்கள் என்பதை எவரும் கணக்கில் எடுப்பதில்லை.

இடாப்புகளை அதைவிடப் பெரிதாகக் கலைத்தது போர். 1990 அக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேரில் மிகப் பெரிய பகுதியினர் மன்னார் மாவட்டத்தவர். தீவின் முஸ்லிம்கள் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். பிள்ளைகளைப் போலவே ஆசிரியர்களும் அதிபர்களும் துரத்தப்பட்டிருந்ததால், ஒரு பாடசாலையை நடத்தத் தேவையான ஆட்கள் புத்தளத்து அகதிக் குடியிருப்புகளிலேயே இருந்தார்கள். அங்கே நாகவில்லுவில் எருக்கலம்பிட்டியின் பெயரிலேயே ஒரு முஸ்லிம் மகா வித்தியாலயம் இயங்குகிறது. ஆக, ஒரே ஊர்ப்பெயருக்கு வடக்கில் ஒரு பாடசாலையும் வடமேல் மாகாணத்தில் இன்னொன்றும் உண்டு. 2009க்குப் பிறகு மீள்குடியேற்றம் வேகம் பெற்றபோதும், பிள்ளையின் படிப்பைக் குழப்ப விரும்பாத குடும்பங்கள் பல புத்தளத்தில் ஒரு வீடு, மன்னாரில் ஒரு வீடு என்று இரண்டையும் வைத்துக்கொண்டன. முசலிப் பாடசாலைகளின் சேர்வைப் புரிந்துகொள்ள இந்த இரட்டை வாழ்வைத் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழரும் ஓடினர், தீவிலிருந்து படகில் இந்தியாவின் தனுஷ்கோடி, அங்கிருந்து மண்டபம் முகாம். போர் முடிந்து அங்கிருந்து திரும்பிய பிள்ளைக்குத் தமிழும் கணிதமும் பெரிய சிக்கல் தருவதில்லை. வரலாறு வேறு நாட்டு வரலாறு. இரண்டாம் மொழியான சிங்களமோ எழுத்திலிருந்தே புதிது. இந்தப் பிள்ளைகளின் இடைவெளியை நிரப்பவென்று தனி ஆசிரியர் எவரும் நியமிக்கப்படுவதில்லை.

ஆளணி

நாட்டின் அரச பாடசாலைகளில் சராசரியாக ஓர் ஆசிரியருக்கு 20க்கும் குறைவான மாணவரே உள்ளனர். சிறு பாடசாலைகளில் இந்த எண் இன்னும் இறங்கும் என்பதால், தலைக்கணக்கில் பார்த்தால் கரையோரத்துக்குக் குறை இருப்பதாகவே தோன்றாது. உண்மை நிலையை நேரசூசியில்தான் பார்க்க வேண்டும். தரம் 6 மாணவர் 12 பேராக இருந்தாலும் 40 பேராக இருந்தாலும் பாடங்கள் அவைதான்: கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், சிங்களம், வரலாறு, புவியியல், குடியியல், அழகியல், செயன்முறைத் தொழினுட்பத் திறன், சுகாதாரம். சமயமும் கட்டாயப் பாடம்; அவரவர் சமயத்தையே படிக்க வேண்டும். மூன்று சமயப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருந்தால் அந்த ஒரு பாடவேளைக்கு மூன்று ஆசிரியர் வேண்டும். கலப்பு மாவட்டமான மன்னாரில் இது ஏட்டுச் சிக்கல் அன்று.

நாடு முழுவதிலும் போல இங்கும் பெண் ஆசிரியர்களே கூடுதல். பிரசவ விடுமுறை முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள். அது அவர்களின் உரிமை. ஆனால் பாடசாலையில் இருக்கும் ஒரே கணித ஆசிரியை விடுமுறையில் போனால் பதிலுக்கு ஆள் வராது. தவணை முழுக்க அந்தப் பாடவேளை வேறு எவராலோ ‘கவனிக்கப்படும்’.

கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலப் பாடங்களுக்கு வெளிமாவட்டத்தவரை, பெரும்பாலும் யாழ்ப்பாணத்தவரை, நம்பியிருப்பது பழைய வழக்கம். கஷ்டப் பிரதேச சேவைக்காலத்தை முடித்ததும் அவர்கள் இடமாற்றம் கேட்பார்கள். கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். 2010இல் தீவுக்கான புதிய பாலமும் 2011 சனவரியில் சங்குப்பிட்டிப் பாலமும் திறந்தபின், யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவைச் சுற்றாமல் பூநகரி வழியே மன்னாருக்கு வரலாம். பயணம் சுருங்கியதில் ஆள் வரத்து சற்று எளிதானது. திங்கள் காலை பஸ்ஸில் வந்து வெள்ளி மதியம் மணியடித்ததும் புறப்படும் வழக்கமும் அதோடு உறுதிப்பட்டது. மாலை விளையாட்டுக்கும் பெற்றோரைச் சந்திக்கவும் ஊரில் தங்கும் ஆசிரியர் குறைவாகவே கிடைக்கிறார்.

உள்ளூரிலேயே தங்கியவர்கள் தொண்டர் ஆசிரியர்கள். போர்க்காலத்தில் உயர்தரம் முடித்த இளைஞர்களும் யுவதிகளும் மிகச் சிறிய கொடுப்பனவுக்கோ எதுவும் இல்லாமலோ வகுப்பெடுத்தனர். போருக்குப் பின் நேர்முகத் தேர்வுகள் வழியே கட்டம் கட்டமாக அவர்களில் பலருக்கு நிரந்தர நியமனம் கிடைத்தது. ஆண்டுக்கணக்காகக் கற்பித்தும் சேவைக்கால ஆவணம் இல்லாததால் பட்டியலுக்கு வெளியே நின்றவர்களும் உண்டு. இடம்பெயர்வில் பாடசாலையின் பதிவேடுகள் தொலைந்ததற்கு அவர்கள் எப்படிப் பொறுப்பாவார்கள் என்பதற்கு அலுவலகங்களிடம் தெளிவான பதில் இருந்ததில்லை.