பறவைக் கூடு (வளர்ப்புப் பறவைகள்)

பறவைக் கூடு என்பது வீட்டில் வளரும் பறவை தங்கவும் உண்ணவும் சிறகடிக்கவும் அமைக்கப்படும் கம்பி அடைப்பு. இலங்கையின் கிளிநொச்சி மாவட்டத்தின் கண்டாவளை போன்ற தாழ்நிலப் பகுதிகளில் கூட்டைத் தெரிவுசெய்யும்போது, பறவையின் இனத்தோடு வெயிலையும் வெள்ளத்தையும் பாம்பையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

உரிய பறவைகள்
'லவ்பேட்ஸ்' என்று இங்கு பெரும்பாலும் அழைக்கப்படுவது அவுஸ்திரேலியப் பறவையான பட்ஜெரிகார். 1840இல் ஜோன் கூல்ட் இதை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். தலைமுறை தலைமுறையாகக் கூட்டிலேயே பிறக்கும் இப்பறவைக்கு நல்ல கூடுதான் பாதுகாப்பு. காட்டுப் பறவைக்கு அது சிறை. உள்நாட்டுப் பறவைகளில் பெரும்பாலானவற்றை 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காக்கிறது. அயலிலுள்ள சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது.

அளவும் வடிவமும்
பறவை கிடையாகப் பறப்பதால் கூட்டின் உயரத்தைவிட நீளமே முக்கியம். ஒரு சோடி பட்ஜெரிகாருக்கு 75 சென்ரிமீற்றர் நீளமும், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 45 சென்ரிமீற்றரும் குறைந்தபட்சத் தேவை. கம்பி இடைவெளி 12 மில்லிமீற்றரைத் தாண்டினால் தலை சிக்கக்கூடும். வட்டக் கூட்டில் ஒதுங்க மூலையில்லை. ஆகவே நீள்சதுரக் கூடே ஏற்றது.

கட்டுப்பொருள்
கிளியினப் பறவைகள் கம்பியைக் கடிக்கும். புதுக் கம்பிவலையின் நாகப்பூச்சு வயிற்றுக்குள் போனால் நஞ்சாகும். வலையை வினாகிரி தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவிட்டபின் பயன்படுத்தினால் ஆபத்துக் குறையும். ஒரே பருமனான வழுவழுப்பான தடியில் எந்நேரமும் இருந்தால் பாதம் புண்ணாகும். வேம்பு, கொய்யாக் கிளைகள் நல்லவை. முட்டையிடச் சிறிய மண்முட்டி கட்டலாம்.

அமைவிடம்
ஒரு பக்கம் சுவரும் நாள் முழுதும் நிழலுமுள்ள விறாந்தை சிறந்தது. தகரக் கூரைக்கு நெருக்கமாகத் தொங்கவிட்டால் சோளகக் கால வெக்கை பறவையைக் கொல்லும். குசினியும் ஆகாது: அளவுமீறிச் சூடேறிய நொன்ஸ்டிக் சட்டியின் ஆவி பறவைக்கு உயிராபத்து. எலியும் சாரைப்பாம்பும் நுழையாதபடி கதவுக்கு இறுக்கமான கொளுக்கி வேண்டும்.

2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கண்டாவளை வெள்ளத்தில் மூழ்கியது. தானாக வெளியேற முடியாத உயிருக்கு வளர்ப்பவரே பொறுப்பு. ஆகவே இங்கு கூடு நிலத்தில் வைக்கப்படாமல் தோளுயரத்தில் தொங்கவேண்டும். இடம்பெயர நேர்ந்தால் ஒருவர் தனியாகத் தூக்கிச் செல்லும் பாரத்துக்குள்ளும் இருக்கவேண்டும்.