எண்ணிப் பார்த்த டாக்டர்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குப் பாஸ்தேரையும் கிளோத் பெர்னாரையும் சொல்லிக்கொடுத்தார்கள். பியேர் லூயி என்ற பெயரை நான் ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். ஆயுசு முழுக்கப் பதிவேட்டில் கட்டம் போட்ட குமாஸ்தாவுக்கு அவரைப் பிடிக்காமல் போகுமா!

1787இல் பிறந்தவர். ரஷ்யாவில் வைத்தியம் பார்த்தபோது தொண்டை அடைப்பான் நோயில் மடிந்தவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. படித்தது போதாது என்று பாரீசுக்குத் திரும்பினார். ஷாரித்தே ஆஸ்பத்திரியில் ஏறக்குறைய 7 வருடம், சொந்தமாகத் தொழில் செய்யாமல், ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் குறிப்பெடுத்தார். இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்தும் எழுதினார்.

அப்போது பாரீசில் புரூசே என்ற டாக்டரின் கொடி பறந்த காலம். காய்ச்சலா, அட்டையை விடு என்பார். 1833இல் மட்டும் பிரான்சு 4 கோடிக்கு மேல் அட்டைகளை இறக்குமதி செய்தது. நம் நாட்டிலும் அட்டை வைத்தியம் உண்டுதான். ஆனால் 4 கோடியா!

லூயி நிமோனியா வந்த 77 பேரின் குறிப்புகளை எடுத்துக்கொண்டார். எல்லோருக்குமே ரத்தம் எடுக்கப்பட்டிருந்தது. எடுக்காமல் விடுவது அன்று நினைத்துப் பார்க்க முடியாத காரியம். ஆகவே முதல் 4 நாளில் எடுத்தவர்கள், அதற்குப் பிறகு எடுத்தவர்கள் என்று பிரித்தார். முதல் பிரிவில் 41 பேர், சாவு 18. இரண்டாவதில் 36 பேர், சாவு 9. சீக்கிரம் எடுத்தால் பிழைப்பார்கள் என்பதல்லவா நம்பிக்கை! பிழைத்தவர்களில் மட்டும், சீக்கிரம் எடுத்தவர்களுக்கு நோய் சுமார் 3 நாள் முன்னதாகவே தீர்ந்திருந்தது. அதையும் மறைக்காமல் எழுதினார். ரத்தம் எடுப்பதை அடியோடு விடச் சொல்லவில்லை, நினைத்த அளவு பலன் இல்லை என்றார். 1835இல் புத்தகமாக வந்தது.

1837இல் மருத்துவ அகாதெமியில் பெரிய வாக்குவாதம். டாக்டர் பார்ப்பது ஒரு மனிதனை, சராசரியை இல்லை என்றார்கள் எதிர்த்தவர்கள். அந்தப் பேச்சை நான் அலட்சியமாக நினைக்கவில்லை. கட்டிலில் கிடப்பது நம் வீட்டு மனிதர் என்றால் நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கு காதில் ஏறாது. ஆனாலும் லூயி எண்ணியிராவிட்டால், அந்த 18 பேரும் அவரவர் விதிப்படி போனார்கள் என்றே சொல்லியிருப்பார்கள்.

அவரிடம் படிக்க அமெரிக்காவிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். அதில் ஒருவர் ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ். பிரசவக் காய்ச்சலை டாக்டர்களும் மருத்துவச்சிகளுமே ஒரு தாயிடமிருந்து இன்னொரு தாய்க்குக் கொண்டுபோகிறார்கள் என்று 1843இல் ஆதாரங்களை அடுக்கி எழுதினார். பிரசவ மருத்துவப் பேராசிரியர்கள் சிலர் சீறினார்கள். ஹோம்ஸ் பின்னால் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரிக்கே தலைவரானார். 1855இல் அதே கட்டுரையை மறுபடி அச்சிட்டார்.