விலங்குப் பரிசோதனைக் கண்காணிப்பு (இந்தியா)

ஆய்வுக்கூட விலங்குகளின் நலனைக் காக்கும் சட்ட ஏற்பாடு. இதன் வேர் சென்னையில் இருக்கிறது. மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்த சென்னைவாசி ருக்மிணி தேவி அருண்டேல் விலங்கு வதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதியளித்த பின்னரே அதைத் திரும்பப் பெற்றார். அதன் விளைவு 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். அச்சட்டம் ஆய்வுகளைத் தடைசெய்யவில்லை. அவற்றை மேற்பார்வையிட ஒரு தேசியக் குழுவுக்கு வழிசெய்தது.

அச்சட்டத்தின் கீழ் 1998இல் வகுக்கப்பட்ட விதிகளுக்குப் பின்பே கண்காணிப்புக்கு உயிர் வந்தது. ஆய்வு நிறுவனங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொன்றிலும் நெறிமுறைக் குழு இருக்க வேண்டும். அதில் அறிவியலாளர் அல்லாத ஒருவருக்கும் இடமுண்டு. இதுவே விதிகளின் சிறந்த அம்சம். நாய், குரங்கு போன்ற பெரிய விலங்குகள் மீதான ஆய்வுக்குத் தேசியக் குழுவின் ஒப்புதலும் தேவை.

விலங்குப் பரிசோதனையின் எதிர்ப்பாளர்கள் மறுப்போடு நிற்கவில்லை, மாற்றும் தந்தார்கள். சென்னையின் புளூ கிராஸ் அமைப்பு, பள்ளியில் தவளையை அறுப்பதற்குப் பதிலாகக் கணினி மென்பொருள் உருவாக்கியது. அழகுசாதனப் பொருள்களை விலங்குகளிடம் சோதிப்பது 2014இல் தடைசெய்யப்பட்டது.

தண்டனைதான் பெருங்குறை: பரிசோதனை விதிமீறலுக்கு 1960 சட்டம் வகுத்த உச்ச அபராதம் 200 ரூபாய்.